போனை எடுத்தவர்கள்

ஒரு மாவட்டத்தில் பெண்களுக்கான உதவி மையம் திறந்தால் மறுநாள் பேப்பரில் படம் வரும். அமைச்சரோ கலெக்டரோ குத்துவிளக்கு ஏற்றுவார். அதிகாரிகள் வரிசையாக நிற்பார்கள். படத்தின் ஓரத்தில், பாதி முகம் மறைந்து, இரண்டு மூன்று பெண்கள் நிற்பார்கள். படக்குறிப்பில் அவர்கள் பெயர் இருக்காது. ஆனால் அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு, இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வந்து கதவைத் தட்டினால், திறக்கப்போவது அந்த ஓரத்துப் பெண்கள்தான்.

கொஞ்ச காலமாக இந்த மையங்களின் வரலாற்றைப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். சட்டங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். போராட்டங்கள், தீர்ப்புகள், கமிஷன் அறிக்கைகள் எல்லாம் கிடைக்கின்றன. மையத்துக்குள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைப் பற்றித் தேடினால் மட்டும் துண்டுதுண்டாகத்தான் வருகிறது. ஐம்பது சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இந்த வேலைக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. நர்ஸ் வேலைக்கும் வாத்தியார் வேலைக்கும் இருப்பது மாதிரி படிப்பு, பட்டம் எதுவும் கிடையாது. செய்யத் தொடங்கியவர்கள் செய்துகொண்டே கண்டுபிடித்த வேலை இது. என்ன கண்டுபிடித்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள், அதில் எவ்வளவு நம்ம ஊர் மையத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

செயின்ட் பால்: "இன்னிக்கு ராத்திரி நான் எங்க போறது?"

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் என்று ஒரு நகரம். 1971இல் அங்கே சில பெண்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுக்க இப்படிப் பல குழுக்கள் இருந்தன. யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையைப் பற்றி மனம்விட்டுப் பேசுவார்கள். இந்தக் குழுவுக்கு வெறும் பேச்சு போதாது என்று தோன்றியது. விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தைகள் யாரிடம் இருப்பது போன்ற விஷயங்களை எளிமையாகச் சொல்லும் ஒரு சட்டக் கையேட்டில் இறங்கினார்கள். 1972இல் ஏழைகளுக்கான சட்ட உதவி அலுவலகத்தில் ஒரு போனை வைத்துக்கொண்டு தகவல் சொல்ல ஆரம்பித்தார்கள். 'விமன்ஸ் அட்வகேட்ஸ்' என்று பெயர்.

போனை எடுத்தவர்கள் சாதாரணப் பெண்கள். 'விஸ்டா' என்ற அரசுத் திட்டத்தில் வயிற்றுப்பாட்டுக்குக் காணும் அளவு உதவித்தொகை வாங்கியவர்கள் சிலர். சம்பளமே இல்லாமல் வந்த தன்னார்வலர்கள் சிலர். அவர்கள் எதிர்பார்த்தது சட்டக் கேள்விகளை. வந்த கேள்வி வேறு. அடிபட்ட ஒரு பெண் போனில் கேட்டது செக்‌ஷன் நம்பரை இல்லை. இன்னிக்கு ராத்திரி நான் எங்க போறது என்பதுதான் அவளுடைய கேள்வி.

அதற்குக் கையேட்டில் பதில் இல்லை. முதலில் ஒரு சின்ன அபார்ட்மென்ட் எடுத்துப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. பிறகு தங்கள் வீடுகளிலேயே தங்கவைத்தார்கள். இந்தக் குழுவின் முன்னோடிகளில் ஒருவரான ஷரோன் ரைஸ் வான் என்பவரின் வீடு கொஞ்ச காலம் அலுவலகம், காப்பகம் இரண்டுமாக இருந்தது. நினைச்சுப் பாருங்க: உங்கள் பிள்ளைகள் தூங்கும் அறையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். சமையலறையில் அவள் அழுதுகொண்டே காபி கலக்கிறாள். அவளுடைய புருஷன் எந்த நேரமும் விலாசத்தைக் கண்டுபிடித்து வரலாம். அலுவலக நேரம், விடுமுறை, டியூட்டி முடிந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை.

தனி மனிதர்களிடம் மாதாமாதம் இவ்வளவு தருகிறேன் என்று வாக்குறுதி வாங்கி, அப்படிச் சேர்ந்த காசை நம்பி, கிராண்ட் அவென்யூவில் ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். 1974 அக்டோபரில் அது திறந்தது. அமெரிக்காவில் அடிபட்ட பெண்களுக்கென்றே வந்த முதல் காப்பகங்களில் அது ஒன்று. வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சம்பளம், முடிவுகள் எல்லாம் கூடிப் பேசி எடுப்பது என்ற ஏற்பாடு. கேட்க அழகாக இருக்கும். நடைமுறையில், ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு வந்து மணிக்கணக்கில் மீட்டிங்கில் உட்கார வேண்டும் என்று அர்த்தம்.

அவர்கள் தேர்ந்தெடுத்த பெயரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நம்ம ஊர்ல அட்வகேட்னா வக்கீல்தான். அவர்கள் அந்தச் சொல்லை அதன் பழைய பொருளில் எடுத்துக்கொண்டார்கள்: பக்கத்தில் நின்று குரல் கொடுப்பவர். ஆலோசகர் என்றால் அவளிடம் ஏதோ கோளாறு இருப்பதாகவும் அதை இவர் சரிசெய்வதாகவும் ஆகிவிடும். அட்வகேட் அப்படி இல்லை. அவள் என்ன முடிவெடுக்கிறாளோ, அந்த முடிவோடு கூட நடந்து போகிறவர். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகணும் என்றால் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் என்றால் கோர்ட். வீட்டுக்கே திரும்பிப் போகிறேன் என்றால் அதுவும் அவள் முடிவு.

கடைசியாகச் சொன்னதுதான் இந்த வேலையின் கஷ்டமான பாடம். கை ஒடிந்து வந்தவள் நாலாவது நாள் அதே ஆளிடம் திரும்பிப் போவதை, ஒரு வார்த்தை குறை சொல்லாமல், "எப்ப வேணா திரும்பி வா" என்று மட்டும் சொல்லி அனுப்ப முடியுமா? நம்மால் முடியாது. நமக்குப் பழக்கமானது பஞ்சாயத்து. பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கேட்டு, "சரி, நடந்தது நடந்துபோச்சு" என்று ஒரு முடிவைச் சொல்லி அனுப்புவது. செயின்ட் பாலில் அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டது பஞ்சாயத்துக்கு நேர் எதிரான ஒரு திறமை. இரண்டு பக்கமும் கேட்க வேண்டாம். முடிவும் சொல்ல வேண்டாம். அவளுக்குக் கதவு திறந்தே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாஸ்டன்: அழாதவள் பொய் சொல்லவில்லை

அதே 1972இல் பாஸ்டன் நகர அரசு மருத்துவமனையில் வேறொரு வேலை தொடங்கியது. ஆன் பர்ஜெஸ் என்ற மனநலத் துறை நர்ஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற சமூகவியலாளர். இரண்டு பேரும் மருத்துவமனையோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால், பகலோ இரவோ, இவர்களுக்குப் போன் வரும். உடனே கிளம்பி வருவார்கள். ஒரு வருஷத்தில் 146 பேரைப் பார்த்தார்கள். அதில் 92 பேர் வயதுவந்த பெண்கள். 1974இல் இதைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது.

அதில் ஒரு விஷயம் மைய ஊழியர்களுக்கு நேரடியாக உதவியது. வந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அழுதார்கள், நடுங்கினார்கள், பதறினார்கள். மீதிப்பேர் அமைதியாக, சலனமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டுமே அதிர்ச்சியின் வடிவம்தான் என்று அவர்கள் எழுதினார்கள்.

இது எதற்கு முக்கியம்? அதுவரை போலீசும் டாக்டரும், நம்மைப் போன்ற அக்கம்பக்கத்தவரும், வைத்திருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று. உண்மையிலேயே நடந்திருந்தா அழுதிருப்பாளே! மையத்தில் உட்கார்ந்தவருக்கு இப்போது அதற்கு ஒரு பதில் கிடைத்தது. நம்புவது என்பது இளகிய மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை, தொழில் அறிவும் அதில் இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. அந்த அறிவைச் சேகரித்தவர்களில் ஒருவர் நர்ஸ் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் மும்பைக்குப் போகும்போது இது தேவைப்படும்.

வாஷிங்டன்: யாருடைய குரல்?

தலைநகர் வாஷிங்டனிலும் 1972இல் ஒரு மையம் வந்தது. அங்கிருந்தவர்கள் இப்படி ஒரு மையத்தை எப்படித் தொடங்குவது என்று கையேடு போட்டார்கள். அது ஊர் ஊராகப் போய், பல இடங்களில் ஒரு போன், நாலு பேர், ஒரு டியூட்டி அட்டவணை என்று மையங்கள் முளைத்தன. ஆனால் அந்தக் காலத்தில் வாஷிங்டனில் கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மையாக இருந்தார்கள். மையத்தைத் தொடங்கியவர்களோ பெரும்பாலும் வெள்ளைப் பெண்கள். எதிர்முனையில் யார் குரல் கேட்கிறது என்பதைப் பொறுத்துத்தானே பேசுவதா வைத்துவிடுவதா என்று முடிவாகிறது?

1970களின் போக்கில் அங்கே கறுப்பினப் பெண்கள் பொறுப்புக்கு வந்தார்கள். 1979இல் லொரெட்டா ராஸ் இயக்குநரானார். சிறுவயதில் தனக்கே நேர்ந்த பாலியல் வன்முறையைப் பற்றிப் பிற்பாடு வெளிப்படையாகப் பேசியவர் அவர். 1980இல் அந்த மையத்தின் முன்முயற்சியில் கறுப்பின, பழங்குடி, ஆசிய, லத்தீன் பெண்கள் மீதான வன்முறையைப் பற்றி முதல் தேசிய மாநாடு நடந்தது. மையத்து நாற்காலியில் யார் உட்கார்கிறார்கள் என்பது வேலைக்கு ஆள் எடுக்கும் சமாச்சாரம் மட்டும் இல்லை. யார் உள்ளே வருவார்கள் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது.

இதை நம்ம ஊருக்குப் பெயர்த்துப் பார்க்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஒரு சின்ன டவுனில், மையத்துக்கு வந்தவளிடம் "எந்தத் தெரும்மா?" என்று முதல் கேள்வி வந்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று வந்தவளுக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

பிட்ஸ்பர்க்: கொடுக்க மறுத்த ஃபைல்

இதுவரை படித்ததில் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைத்தது பிட்ஸ்பர்க் கதைதான்.

பென்சில்வேனியா மாநிலத்தின் இரும்பாலை நகரம் பிட்ஸ்பர்க். அங்கேயும் 1972இல்தான் ஒரு மையம் தொடங்கியது. அதன் இயக்குநராக இருந்தவர் ஆன் பிரைட். ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் அந்தப் பெண்ணைப் பற்றி மையத்தில் இருக்கும் ஃபைலைக் கேட்டார். அவர் பக்கத்து நியாயம் இதுதான்: சாட்சி சொல்லும் பெண் மையத்தில் ஒரு மாதிரியும் கோர்ட்டில் வேறு மாதிரியும் சொல்லியிருந்தால், அது தெரிவது என் கட்சிக்காரரின் உரிமை.

கோர்ட் பார்வையில் அது நியாயமான கேள்விதான். ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பும் வழக்கில் சாட்சியைச் சோதிக்க வேண்டாமா? ஆனால் மையத்துப் பார்வையில் யோசியுங்கள். நடுராத்திரி, அதிர்ச்சியில், நேரம் காலம் குழம்பி, "நான்தான் அந்த வழியா போயிருக்கக் கூடாது" என்று ஒருத்தி தன்னையே திட்டிக்கொண்டு சொல்வதையெல்லாம் எதிரில் இருப்பவர் குறித்து வைக்கிறார். அந்தக் காகிதம் நாளைக்குக் கூண்டில் அவளுக்கு எதிராகவே வாசிக்கப்படும் என்று தெரிந்தால், அடுத்து வரும் பெண் வாயைத் திறப்பாளா?

ஆன் பிரைட் ஃபைலைக் கொடுக்கவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று அவர்மேல் நடவடிக்கை வந்தது. விஷயம் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1981இல் தீர்ப்பு. மையத்துக்கு முழுமையான ரகசியப் பாதுகாப்பு கிடையாது, நீதிபதி ஃபைலைப் பார்த்து, சம்பவத்தைப் பற்றி அந்தப் பெண் சொன்ன பகுதியை மட்டும் எதிர்த்தரப்புக்குக் காட்டலாம் என்று நீதிமன்றம் சொன்னது. வக்கீலிடம் சொன்னால் ரகசியம், பாதிரியாரிடம் சொன்னால் ரகசியம், இவளிடம் சொன்னால் மட்டும் பாதி ரகசியம்.

அதே வருஷம் மாநில சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. பாலியல் வன்கொடுமை ஆலோசகரிடம் ஒருவர் ரகசியமாகச் சொன்னதை, அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது. சரி, யார் இந்த ஆலோசகர்? சட்டம் என்றால் வரையறை வேண்டுமே. மையத்தின் கீழ் வேலை செய்பவராக இருக்க வேண்டும், 40 மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

இந்த 40 மணி நேரத்தை நான் இரண்டு விதமாகப் பார்க்கிறேன். ஒரு பக்கம், யார் வேண்டுமானாலும் வந்து போனை எடுத்த காலம் அங்கே முடிந்தது. பதிவேடு, சான்றிதழ், மேற்பார்வை எல்லாம் வந்தன. இன்னொரு பக்கம், சட்டம் பட்டப்படிப்பைக் கேட்கவில்லை. எம்.ஏ. உளவியல் இருந்தால்தான் ஆலோசகர் என்று எழுதியிருந்தால், அந்த வேலையைக் கண்டுபிடித்த பெண்களில் பாதிப்பேர் வெளியே போயிருப்பார்கள். வாரக்கடைசிகளில் வந்து 40 மணி நேரம் கற்றுக்கொள்ளும் ஒரு பஸ் டிரைவரோ, கடையில் நிற்கும் பெண்ணோ, தானே ஒரு காலத்தில் அந்தக் கதவைத் தட்டியவளோ உள்ளே வர இடம் இருந்தது.

காசு வந்தது, காசு போனது

தன்னார்வத்தில் ஒரு வருஷம் ஓடலாம், இரண்டு வருஷம் ஓடலாம். பிறகு வாடகை கட்ட வேண்டும். வேலையில்லாதவர்களுக்கு வேலை தருவதற்காக 1973இல் அமெரிக்க மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பல காப்பகங்கள் அதன் வழியாகத்தான் முதன்முதலில் ஊழியர்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுத்தன. ரீகன் ஆட்சிக்கு வந்ததும், 1980களின் தொடக்கத்தில், அந்தத் திட்டம் முடித்துவைக்கப்பட்டது. மையங்கள் ஆட்களை இழந்தன. அடிபட்டு வருகிறவர்கள் மட்டும் குறையவில்லை.

காசைப் போலவே ஊழியரின் மனசும் தீர்ந்துபோகும் என்பதை அறிய இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. 1990இல் மெக்கான், பெர்ல்மேன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். மற்றவர் பட்ட கொடுமையைத் தினமும் கேட்கிறவருக்குள், அந்தக் கொடுமை தனக்கே நடந்தது போன்ற மாற்றங்கள் வருகின்றன. தூக்கத்தில் அதே காட்சிகள் வரும். பஸ்ஸில் பக்கத்தில் நிற்கும் ஆணைப் பார்த்தால் பயம் வரும். உலகத்தில் எங்கேயும் பாதுகாப்பு இல்லை என்ற எண்ணம் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். இது ஊழியரின் பலவீனம் இல்லை, வேலையோடு சேர்ந்து வரும் காயம் என்பதுதான் அவர்கள் சொன்ன முக்கியமான விஷயம். சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரலில் தூசி படிவது மாதிரி. தூசி படியும் என்று தெரிந்த பிறகு முகமூடி கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. இங்கே முகமூடி என்பது ஓய்வு, சுழற்சி முறை, கேட்டதை இறக்கிவைக்க இன்னொரு அனுபவசாலி.

பாந்த்ரா: நர்ஸ் கேட்க வேண்டிய கேள்வி

இனி இந்தியா. இங்கே அடிபட்ட பெண் எங்கே போகிறாள்? பிறந்த வீட்டுக்கு. அங்கே இடமில்லை என்றால் போலீசுக்கு. தமிழ்நாட்டில் 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது, பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. பெரிய மாற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே 'கவுன்சிலிங்' என்ற வார்த்தைக்கு ஜனங்கள் புரிந்துகொண்ட அர்த்தம் சேர்த்துவைப்பது. "கவுன்சிலிங் கொடுத்து அனுப்பிட்டாங்க" என்றால் திரும்ப அதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பொருள். அதாவது, சீருடை போட்ட பஞ்சாயத்து.

போலீசுக்குப் போகாத பெண்களும் வந்தே தீரும் இடம் ஒன்று உண்டு: ஆஸ்பத்திரி. மும்பை பாந்த்ராவில் உள்ள கே.பி. பாபா மருத்துவமனை மாநகராட்சி நடத்துவது. 2000இல் மாநகராட்சியும் 'செஹாத்' என்ற சுகாதார ஆய்வு அமைப்பும் சேர்ந்து அங்கே 'திலாசா' என்ற மையத்தை ஏற்படுத்தின. திலாசா என்றால் ஆறுதல். அரசு மருத்துவமனைக்கு உள்ளேயே, அதன் ஒரு பிரிவாக, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஒரு மையம் என்பது இந்தியாவில் அதுதான் முதல் தடவை. மாநகராட்சி டாக்டர் சீமா மாலிக் இதற்கு உள்ளிருந்து முக்கியமான துணையாக இருந்தார்.

வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து உட்காரவைக்காமல், மருத்துவமனையின் சொந்த நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். கேஷுவாலிட்டியில் நிற்பவருக்கு எல்லாம் கண்ணெதிரே வரும். "படியில வழுக்கி விழுந்துட்டேன்." "ஸ்டவ் வெடிச்சிருச்சு." "இருமல் மருந்துன்னு நெனச்சு பூச்சிமருந்தைக் குடிச்சிட்டேன்." ரிஜிஸ்டரில் இதெல்லாம் விபத்து என்று ஏறும். நம்ம ஊர் ஆஸ்பத்திரி ஏ.ஆர். புத்தகத்தைப் புரட்டினாலும் இதே வாக்கியங்கள் இருக்கும். காயத்துக்கு மருந்து போட்டு, வயிற்றைக் கழுவி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. அது குடும்ப விஷயம்!

திலாசாவில் கற்றுக்கொண்டது அந்தக் கேள்வியைக் கேட்பது. கூட வந்திருக்கும் மாமியாரையோ புருஷனையோ வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தனியாக, மெதுவாக, "வீட்ல ஏதாவது பிரச்சினையா? யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்பது. அவள் இல்லை என்றால் விட்டுவிட்டு, வேணும்னா இந்த ரூமுக்கு வாங்க என்று சொல்லி வைப்பது. வீட்டுக்குப் போனால் ஆபத்து என்று தெரிந்தால், ஒன்றிரண்டு நாள் வார்டிலேயே சேர்த்துப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. செயின்ட் பால் பெண்கள் தங்கள் வீட்டில் போட்ட பாயை இங்கே மாநகராட்சிக் கட்டிலில் போட்டார்கள்.

இதைச் சொல்வது சுலபம். ஒரு வார்டில் நாற்பது நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸிடம் போய் இதையும் சேர்த்துக் கேளுங்கள் என்றால் என்ன பதில் வரும்? தவிர, பயிற்சிக்கு வந்து உட்காரும் நர்ஸ்களும் ஆயாக்களும் வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை. அவர்கள் வீடுகளும் இதே ஊரில்தான் இருக்கின்றன. அடியின் அடையாளங்களை வரிசையாகப் போர்டில் எழுதும்போது, பெஞ்சில் இருப்பவர்களில் சிலருக்கு அது பாடமாக இருக்காது. இருந்தாலும் வேலை நடந்தது. 2006இல் செஹாத் ஒதுங்கி மாநகராட்சியே பொறுப்பை ஏற்றது. குர்லாவிலும் பிறகு மும்பையின் மற்ற மாநகராட்சி மருத்துவமனைகளிலும் திலாசா வந்தது. இது இத்தனை காலம் நின்றதற்கு ஒரு காரணம், மருத்துவமனை இதைத் தன் அன்றாட வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

சகி: பணியிடமும் பணியும்

2012 டிசம்பர் டெல்லி சம்பவத்துக்குப் பிறகு நீதிபதி உஷா மெஹ்ரா கமிஷன், மருத்துவம், போலீஸ், சட்டம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் மையங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1990களின் நடுவிலேயே நடந்து காட்டிய யோசனை அது. நிர்பயா நிதியிலிருந்து 2015 ஏப்ரல் 1 முதல் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம் என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் மையம் ராய்ப்பூரில். மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும் என்பது நோக்கம். சிகிச்சை, போலீஸ் உதவி, சட்ட உதவி, மனநல ஆலோசனை, ஐந்து நாள் வரை தங்க இடம்.

காகிதத்தில் பார்த்தால் இதில் இதுவரை சொன்ன எல்லா ஊர்களும் இருக்கின்றன. வழக்குப் பணியாளர் என்ற பதவியில் செயின்ட் பால் அட்வகேட் இருக்கிறாள். ஆலோசகர், காவலர், பல்நோக்கு உதவியாளர் எல்லாம் உண்டு. அந்தக் கடைசிப் பதவியை நான் சும்மா சேர்க்கவில்லை. ராத்திரி வந்தவளுக்கு முதலில் ஒரு டம்ளர் டீ கொடுப்பது அநேகமாக அந்த உதவியாளர்தான்.

மாவட்ட இணையதளங்களில் இந்தப் பணிகளுக்கு வரும் அறிவிப்புகளைப் பாருங்கள். ஒப்பந்த அடிப்படை, தொகுப்பூதியம், முற்றிலும் தற்காலிகம், பணி நிரந்தரம் கோர முடியாது. 24 மணி நேர மையம், சுழற்சி முறை. உள்ளூர்ப் பெண்களுக்கு முன்னுரிமை. உள்ளூர் ஆள் என்பது நல்ல விஷயம்தான், பாஷை புரியும், பஸ் ரூட் தெரியும். அதே சமயம் அடித்தவனின் சித்தப்பா இவள் தெருவிலேயே இருப்பார். அவர் வந்து "என்னம்மா, நம்ம புள்ளையப் பத்தி என்ன எழுதி வச்சிருக்க?" என்று வீட்டு வாசலில் நின்று கேட்டால், ஒப்பந்தம் எப்போது முடியும் என்று தெரியாத ஒரு ஊழியர் எதை நம்பி மறுப்பார்?

ஆன் பிரைட்டின் ஃபைல் இங்கேதான் ஞாபகத்துக்கு வருகிறது. நம் சாட்சியச் சட்டத்தில் வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்குப் பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கிறது. இந்த மையத்து ஆலோசகரிடம் சொன்னதற்கென்று அப்படி ஒரு பிரிவு எழுதப்படவில்லை. அதோடு இன்னொரு சிக்கல். 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே இருக்கும் ஒரு பிள்ளைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரியவந்தால் யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் தண்டனை உண்டு. குழந்தைகளைக் காப்பாற்ற வந்த சட்டம், அதன் அவசியத்தை மறுக்க முடியாது. ஆனால் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வந்து "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று தொடங்கும்போது, அந்த அக்கா என்ன செய்வாள்? அவள் பேசி முடிக்கும் முன்பே, "நீ சொன்னா நான் சொல்லியாகணும்மா" என்று எச்சரிக்க வேண்டும். எச்சரித்தால் பெண் எழுந்து போய்விடலாம். எச்சரிக்காமல் கேட்டால் அது நம்பிக்கைத் துரோகம். நேர்முகத் தேர்வில் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

எந்த ஊர்க் கதையை எடுத்தாலும் கண்டுபிடிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நம்பு, அவள் முடிவை நீ எடுக்காதே, வெளியே சொல்லாதே. இதைச் செய்ய இரக்கம் போதாது. இதைச் செய்கிறவருக்குக் காலூன்றி நிற்க ஒரு தளம் வேண்டும். செயின்ட் பாலில் அந்தத் தளம் ஒருவருக்கொருவர் இருந்த தோழமை. பிட்ஸ்பர்க்கில் சட்டம். பாந்த்ராவில் மருத்துவமனைக்குள் ஓர் இடம். நம் மாவட்ட மையங்களில் பதவிகள் வந்துவிட்டன. பதவிக்குக் கீழே தளம் இன்னும் போடவில்லை. அவ்வப்போது புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்த வேலையில் இருப்பவரிடம், ஊர்ப் பெரிய மனுஷனை எதிர்த்து நில் என்று சொல்வது அவ்வளவு நியாயமில்லை.

உங்கள் மாவட்டத்திலும் அநேகமாக ஒரு மையம் இருக்கும், பெரும்பாலும் அரசு மருத்துவமனை வளாகத்திலோ அதன் பக்கத்திலோ. அதைப் பற்றி விசாரிக்க வாய்ப்பு கிடைத்தால், எத்தனை வழக்கு முடித்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர், சம்பளம் மாதாமாதம் வருகிறதா, கேட்டதையெல்லாம் அவர்கள் யாரிடம் இறக்கிவைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். உதவி தேவைப்படுகிறவர்களுக்கு எண் 181. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம். மறுமுனையில் ஒருவர் எடுப்பார்.